மேலே என்றால் யார்?

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அக்டோபர் 2ஆம் தேதி, கிராம சபைக் கூட்டம். ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். வழக்கமாகக் குறைவெண் வரம்பை எட்டுவதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அன்று சமுதாயக் கூடத்தைத் தாண்டி வேப்பமரத்தடி வரை ஆட்கள் நின்றார்கள். நகராட்சியாகிவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்பது எல்லாருக்கும் இருந்த பயம். ‘இணைக்கக் கூடாது’ என்ற தீர்மானத்தை வாசித்ததும் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பாக ஒரு கைகூட இல்லை. தீர்மான நோட்டு கைமாறிக் கைமாறிப் போனது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ஊதா மை ஊறிய ஸ்டாம்ப் பேடு.

பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி ஒரு பாட்டி ஊராட்சிச் செயலரிடம் கேட்டார்: “ஏன் தம்பி, நாங்கதான் அம்புட்டுப் பேரும் கை தூக்கிட்டோம்ல. இனி நம்ம ஊர எடுக்க மாட்டாகல்ல?”

“தீர்மானத்த மேல அனுப்பிருவோம் அப்பத்தா. அங்கதான் முடிவு பண்ணுவாக.”

“மேலன்னா யாரு?”

செயலர் சிரித்துக்கொண்டே நோட்டை அடுத்த ஆளிடம் நீட்டிவிட்டார். பாட்டி கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறவர்கள் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருவதே அந்த ஒரு கேள்வியைத்தான்.

ஜனநாயகம் என்றால் மக்களாட்சி என்று பள்ளியில் படித்திருப்போம். சரி, மக்கள் எப்படி ஆள்வார்கள்? வரலாற்றில் மூன்று வழிகள் புழங்கியிருக்கின்றன. எல்லாரும் கூடித் தாங்களே முடிவெடுப்பது நேரடி ஜனநாயகம். ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, அவர் முடிவெடுப்பது பிரதிநிதித்துவ ஜனநாயகம். மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம்: சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவரிடம் பொறுப்பைக் கொடுப்பது. எந்த நாடும் இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. எந்த விஷயத்தை எந்த வழியில் தீர்ப்பது, அதில் கடைசி வார்த்தை யாருடையது என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற பத்திரம்தான் அரசியலமைப்பு.

பாட்டி நினைத்தது போலவே நடந்த ஓர் இடம் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலம், சுமார் 40,000 பேர் வாழும் மலைநாடு. அங்கே ஒவ்வொரு மே மாதமும் வாக்காளர்கள் நகரத் திடலில் கூடுகிறார்கள். கையில் வண்ண அட்டை. சட்ட வரைவு ஒவ்வொன்றாக வரும். யாரும் மேடையேறிப் பேசலாம், திருத்தம் கொடுக்கலாம். பிறகு அட்டையை உயர்த்த வேண்டும். யாரும் எண்ணுவதில்லை. மாநில அரசின் தலைவர் கண்ணாலேயே கூட்டத்தை அளந்து, எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று சொல்லிவிடுவார், அதுதான் முடிவு.

2006இல் அந்தத் திடலுக்கு வந்த விஷயமும் ஊர் இணைப்புதான். மொத்தம் 25 ஊராட்சிகள். அவற்றைப் பத்தாகக் குறைக்கலாம் என்றது அரசுத் தரப்பு. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, பத்து எதற்கு, மூன்றே போதும் என்றார். அட்டைகள் உயர்ந்தன, மூன்று என்பதே நிறைவேறியது. அடுத்த வருடம் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி கேட்டார்கள், அப்போதும் மூன்றுதான். 2011 முதல் கிளாருஸில் மூன்றே ஊராட்சிகள். அங்கே திடலுக்கு மேலே அனுப்ப ‘மேலே’ என்று ஓர் இடம் இல்லை. மாநில அரசியலமைப்பே திடலைத்தான் மேலே வைத்திருக்கிறது.

இதைக் கேட்டு ஆகா என்று சொல்லுமுன் அதே நாட்டின் இன்னொரு கதையையும் கேட்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே, வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் கூட்டாட்சி அளவில் உரிமை வந்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலத்தின் திடலில் கூடிய ஆண்கள் அதற்கப்புறமும் விடவில்லை. 1990 ஏப்ரலில்கூட ‘எங்கள் மாநிலத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லை’ என்றே கை தூக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தூக்கி எறிந்து, பெண்களையும் திடலுக்குள் விட்டது. ஆக, திடலுக்கும் மேலே ஒன்று இருக்கத்தான் செய்தது: கூட்டாட்சி அரசியலமைப்பு சொன்ன சம உரிமை. பெரும்பான்மையானாலும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் அரசியலமைப்பு ஜனநாயகம் என்று பெயர்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிராம சபை என்ற சொல்லே இந்திய அரசியலமைப்பில் இருக்கிறது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது நுழைந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தலைவரோ உறுப்பினர்களோ மட்டும் கூடினால் அது கிராம சபை ஆகாது. அந்த வகையில் பாட்டி ஓர் அரசியலமைப்பு அமைப்பின் உறுப்பினர். ஆனால் அந்த அமைப்புக்கு என்ன அதிகாரம்? 243ஏ பிரிவு ஒரே வரியில் முடித்துவிடுகிறது: மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு என்ன கொடுக்கிறதோ அது. பெயரை டெல்லி எழுதியது, சாவியைச் சென்னையில் கொடுத்துவிட்டது.

ஊரை நகரமாக்கும் விஷயத்தில் இன்னும் கறார். அது 243கியூ பிரிவு. மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலைகளில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள், பொருளாதார முக்கியத்துவம் இவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிப்பார் என்கிறது. ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அமைச்சரவை. அந்தப் பட்டியலில் ‘ஊர் மக்களின் சம்மதம்’ என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊர்த் தீர்மானம் அரசு கவனிக்க வேண்டிய ஒரு கருத்து. கட்டுப்படுத்தும் முடிவு ஆகாது.

இதே கதை ஒரு படி மேலேயும் நடக்கிறது. 3ஆவது பிரிவின்படி ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ எல்லையை மாற்றவோ நாடாளுமன்றத்தால் முடியும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் மாநிலப் பிரிவினை மசோதாவை வேண்டாமென்று குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. சட்டமன்றமும் அன்று ஒரு கிராம சபை போலத்தான் தீர்மானத்தை மேலே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது.

ஆனால் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்திலும் ஒரு முறை மக்களிடம் நேராகக் கேட்டார்கள். கோவா. 1961இல் போர்த்துகீசியரிடமிருந்து மீண்ட அந்தச் சின்ன ஊரை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா, தனி யூனியன் பிரதேசமாகவே விடுவதா என்று பெரிய இழுபறி. இணைப்பை விரும்பிய கட்சிதான் அங்கே ஆட்சியில் இருந்தது. முதல்வர் தயானந்த் பண்டோட்கர். நாடாளுமன்றம் இதற்கென்றே 1966இல் ஒரு சட்டம் போட்டது. வாக்கெடுப்பு நியாயமாக நடக்க வேண்டும் என்று பண்டோட்கர் அரசு பதவி விலகியது. 1967 ஜனவரி 16 அன்று வாக்குச் சீட்டில் இரண்டே சின்னங்கள்: இணைப்புக்குப் பூ, தனியாக இருக்க இரட்டை இலை. (நம்மூர் இரட்டை இலை பிறக்க இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தது.) பூவுக்கு 1,38,170. இலைக்கு 1,72,191. சட்டமன்றத் தேர்தலில் இணைப்புக் கட்சிக்கு வாக்குப் போட்ட மக்களே, அந்த ஒரு கேள்வியைத் தனியாகப் பிரித்துக் கேட்டபோது வேறு பதில் சொன்னார்கள். பிரதிநிதித்துவத்துக்கும் நேரடி வாக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இந்தியாவில் இல்லை. தேர்தலில் ஒரு கட்சியின் மொத்தச் சரக்கையும் மூட்டையாக வாங்குகிறோம். பொது வாக்கெடுப்பில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக் காட்டிக் கேட்கிறார்கள்.

கிராம சபையின் வார்த்தையே நின்ற இடமும் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலை டோங்ரியா கோந்த் பழங்குடிகளுக்குத் தெய்வம். அதில் வேதாந்தா நிறுவனத்தின் லாஞ்சிகர் ஆலைக்காக பாக்சைட் வெட்டும் திட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மலைமீது அவர்களுக்கு உள்ள வழிபாட்டு உரிமை என்ன, வன உரிமை என்ன என்பதைக் கிராம சபைகளே பார்க்கட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக உட்கார, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. அடுத்த வருடம் மத்திய அரசு அனுமதி மறுத்தது. நியமகிரிக்காரர்கள் தூக்கிய கைக்கும் எங்கள் பாட்டி தூக்கிய கைக்கும் பலத்தில் வித்தியாசமில்லை. நியமகிரிக்காரர்களின் கைக்குக் கீழே 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் என்ற முட்டு இருந்தது, அதுதான் விஷயம்.

அப்படியானால் இந்தியாவில் ‘மேலே’ என்பது நாடாளுமன்றமா? பெரும்பாலான விஷயங்களில் ஆமாம். நாம் தேர்ந்தெடுத்தது பிரதிநிதித்துவம், அதிலும் நாடாளுமன்ற வகை. அமெரிக்க வகையில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுத்துவிட்டால் நான்கு வருடம் அசைக்க முடியாத மாதிரிதான். பதவி நீக்கத் தீர்மானம் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கை எட்ட வேண்டும். நம் பிரதமர் மக்களவையின் நம்பிக்கை இருக்கிற வரைதான் பிரதமர். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியலமைப்பை அறிமுகப்படுத்திப் பேசிய அம்பேத்கர் இதைத் தெளிவாகவே சொன்னார்: ஓர் ஆட்சி நிலையாகவும் இருக்க வேண்டும், பதில் சொல்லவும் வேண்டும், இரண்டும் சம அளவில் ஒன்றாகக் கிடைக்கும் ஏற்பாடு இதுவரை வாய்க்கவில்லை, வரைவு பதில் சொல்லும் பொறுப்புக்கே அதிக எடை கொடுத்திருக்கிறது. அந்த எடை என்ன என்பது 1999 ஏப்ரல் 17 அன்று தெரிந்தது. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்ட பின் நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று விழுந்தது. ஒரே ஒரு வாக்கு.

இருந்தாலும் நாடாளுமன்றமும் கடைசிப் படி இல்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பை நாடாளுமன்றம் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்றார்கள். (சரியாக இருபது வருடம் கழித்து இதே தேதியில் கிராம சபை அரசியலமைப்புக்குள் வந்தது, தற்செயல்தான்.) இரண்டு வருடத்தில் அதற்குச் சோதனை வந்தது. பிரதமரின் தேர்தல் வழக்கை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். 1975 நவம்பரில், இந்திரா காந்தியின் சொந்தத் தேர்தல் வழக்கிலேயே, ஜனநாயகமும் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று, அதை இது உடைக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை வெட்டியது. ஜனநாயகம் என்பது முகவுரையில் அலங்காரமாக எழுதிய சொல்லாக இருந்தது போய், வைத்து ஒரு திருத்தத்தையே வீழ்த்தக்கூடிய சட்ட ஆயுதமானது.

அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற மக்களே விரும்பினால்? அதைக் கேட்க நம்மிடம் வழியில்லை. 1978இல் ஜனதா அரசு கொண்டுவந்த திருத்த மசோதாவில் இது இருந்தது: அந்த மாதிரி அடிப்படை மாற்றங்களுக்குப் பொது வாக்கெடுப்பு வேண்டும். மக்களவை ஏற்றுக்கொண்டது, மாநிலங்களவை அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. “இந்திய மக்களாகிய நாம்” என்று முகவுரை தொடங்கினாலும் அந்த மக்களிடம் நேராக வாக்கு வாங்கி வந்ததில்லை அரசியலமைப்பு. அதை எழுதிய நிர்ணய சபையையும், வாக்குரிமை சிலருக்கே இருந்த காலத்து மாகாணச் சட்டமன்றங்கள்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தன.

அயர்லாந்து நேர் எதிர். 1937இல் அரசியலமைப்பையே மக்கள் வாக்கில்தான் ஏற்றார்கள். இன்று அதில் ஒரு வார்த்தையை மாற்றுவதானாலும் மக்களிடம் போயாக வேண்டும். 1983இல் மக்கள் வாக்களித்து, கருவில் இருக்கும் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நடைமுறையில் அது கருக்கலைப்புத் தடை. மக்கள் போட்ட பூட்டு. நாடாளுமன்றம் நினைத்தாலும் திறக்க முடியாது. அரசியல்வாதிகளுக்கோ அதைத் தொடவே பயம். அங்கேதான் மூன்றாவது வழி வந்தது. 2016இல் நாடு முழுவதிலுமிருந்து வயது, பால், வட்டாரம் பார்த்துக் குலுக்கல் முறையில் 99 சாதாரணக் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் உட்கார வைத்தார்கள். டப்ளினுக்கு அருகே ஒரு ஹோட்டலில், வார இறுதிகளில். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரண்டு பக்கத்து இயக்கங்கள் எல்லாரையும் கேட்டுவிட்டு, மாற்றலாம் என்று பரிந்துரைத்தார்கள். நாடாளுமன்றக் குழு அதைப் பார்த்தது, நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது, 2018 மே 25 அன்று மக்கள் 66.4 சதவீதம் ஆம் என்றார்கள். குலுக்கல், பிரதிநிதித்துவம், நேரடி வாக்கு மூன்றும் ஒரே திருத்தத்தில் வரிசையாக வேலை செய்தன. எப்போதும் இப்படி முடியும் என்றில்லை. 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு பற்றிய இரண்டு திருத்தங்களை அரசும் முக்கிய எதிர்க்கட்சிகளும் ஆதரித்தும் மக்கள் இரண்டையும் பெரும் வித்தியாசத்தில் தள்ளிவிட்டார்கள்.

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 920ஆம் ஆண்டை ஒட்டியது. ‘உலகின் முதல் தேர்தல்’ என்று அதை மேடைதோறும் சொல்வார்கள். கல்வெட்டு சொல்வது தேர்தலை அல்ல. ஊரில் முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது. பச்சையான குலுக்கல், பண்டைய ஏதென்ஸ் போல. தகுதி என்ன என்று பார்த்தால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் படிப்பு. பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊர் அது. பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ குடத்தில் ஓலை இல்லை. எனக்கு அதில் பிடித்தது வேறொரு விதி: முன்பு வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கும், அவனுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. இதை மட்டும் எந்த மேடையிலும் சொல்லக் காணோம்.

நேரடி வாக்கு என்றாலே உத்தமம் என்று நினைக்கிறவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1978 அரசியலமைப்பின் 3, 4ஆவது உறுப்புரைகள் இறைமை மக்களுடையது என்றும், சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் வழியாகவும் சர்வசன வாக்கெடுப்பின் வழியாகவும் மக்கள் செலுத்துவார்கள் என்றும் சொல்கின்றன. கேட்க அழகாக இருக்கிறது. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டுவதானால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு மக்கள் வாக்கும் வேண்டும் என்று 83ஆவது உறுப்புரையில் பூட்டும் போட்டிருந்தார்கள். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன அந்தப் பூட்டையே கதவாக்கினார். 1977 தேர்தலில் அவர் கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடங்கள். புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் அவ்வளவு வராது. 1982 டிசம்பர் 22 அன்று, இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்று கேட்டார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்கே போட்டது. நாடு முழுவதுமாகப் பார்த்தால் விளக்குக்கு சுமார் 54.7 சதவீதம். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது. பிரதிநிதிகளை மாற்றும் வாய்ப்பையே மக்கள் வாக்கைக் கொண்டு அடைத்த கதை இது. கேள்வியை எழுதுகிறவர் யார், எப்போது கேட்கிறார் என்பதில்தான் பொது வாக்கெடுப்பின் சூட்சுமம் இருக்கிறது.

அதோடு, வாக்கெடுப்பு நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2016இல் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்று 51.9 சதவீதம் வாக்களித்தார்கள். அரசு அதை வைத்து விலகல் கடிதம் கொடுக்கப் போனபோது, அந்த வாக்கெடுப்புக்குத் தானாகச் சட்ட பலம் இல்லை, நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் முடியும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் கடைசி வார்த்தை நாடாளுமன்றத்துடையது. கோடிக்கணக்கான வாக்குகளும் அங்கே மேலே அனுப்பிய தீர்மானம்தான்.

பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: இந்த விஷயத்தில் ‘மேலே’ என்றால் அப்பத்தா, மாநில அமைச்சரவை. அவர்கள் விதியை மீறினால் உயர் நீதிமன்றம். விதியையே மாற்ற வேண்டுமானால் நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும். நீங்கள் தூக்கிய கை அவர்களுக்குத் தகவல்.

ஒன்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் பேசியவர்கள் வரியைப் பேசினார்கள், வேலையைப் பேசினார்கள். கிராம சபை என்பது அரசியலமைப்பில் ஊராட்சிகளுக்கான பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. நகரங்களுக்கான பகுதியில் வார்டு கமிட்டி உண்டு, அதுவும் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள இடத்தில். வாக்காளர்கள் எல்லாரும் உட்காரும் சபை என்று ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் ஏரியா சபை மாநிலச் சட்டத்தின் வழியாக வந்தது. ஊர் நகராட்சியோடு சேர்ந்துவிட்டால், அடுத்த அக்டோபர் 2ஆம் தேதி அந்த வேப்பமரத்தடியில் கிராம சபையும் இருக்காது, தீர்மான நோட்டும் வராது.